பனிப்புறா: மெல்லிய காற்றில் ஒரு புறா எப்படி வாழ்கிறது?

உயர்மலையில் ஓர் உயிரினம் வாழ்கிறது என்றால் "அது அந்தக் குளிருக்குப் பழகிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. குளிர் அங்கே முதல் சிக்கல் இல்லை. மூச்சுதான் முதல் சிக்கல். "பழகிவிட்டது" என்ற சொல்லும் பொருந்தாது. இமயமலையின் பனிப்புறாவை வைத்து இந்த இரண்டையும் தெளிவாகப் புரிந்துகொள்ள முடியும். நமக்கு நன்றாகத் தெரிந்த மாடப்புறாவின் நெருங்கிய சொந்தம் அது என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிது.

எந்தப் பறவை இது?

பனிப்புறாவின் அறிவியல் பெயர் கொலம்பா லூகோனோட்டா. 1831இல் வைத்த பெயர். லூகோனோட்டா என்றால் வெண்முதுகு என்று பொருள். பனியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. பனிப்புறா என்ற பெயரைக் கேட்டதும் பலரும் தூய வெள்ளைப் புறாவைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் இதன் தலை கருஞ்சாம்பல். கழுத்தும் வயிறும் வெள்ளை. தோள்பக்கம் பழுப்புச் சாம்பல், இறக்கையில் கரும்பட்டைகள். நடுமுதுகில் ஒரு வெள்ளைத் திட்டு. வால் கறுப்பு, அதன் குறுக்கே அகலமான வெள்ளைப் பட்டை. கண் மஞ்சள், கால் சிவப்பு. நீளம் ஏறக்குறைய 34 செ.மீ., அதாவது மாடப்புறாவின் அளவுதான். மலைப்பறவை என்பதற்காக உடல் பெருத்துவிடவில்லை.

ஆப்கானிஸ்தானிலிருந்து பாகிஸ்தானின் வடபகுதி, காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட், நேபாளம், சிக்கிம், பூட்டான், அருணாச்சலம் வழியாகத் திபெத், மேற்குச் சீன மலைகள் வரை இது பரவியிருக்கிறது. கோடையில் பெரும்பாலும் 3000 மீட்டருக்கு மேலே, 5000 மீட்டர் அளவிலும் காணலாம். நேபாளத்தில் எவரெஸ்ட் செல்லும் வழியிலுள்ள நாம்சே பஜாரைச் சுற்றியும், அருணாச்சலத்தின் சேலா கணவாய்ப் பகுதியிலும் கூட்டம் கூட்டமாகச் சுழன்று பறக்கும்.

பழகுவது வேறு, தகவமைவது வேறு

வெறுங்காலோடு நடந்து நடந்து ஒருவருக்குப் பாதம் காய்த்துப்போகிறது. அவர் மீண்டும் செருப்புப் போடத் தொடங்கினால் சில மாதங்களில் அந்தக் காய்ப்பு போய்விடும். அவருடைய பிள்ளை காய்த்த பாதத்தோடு பிறப்பதும் இல்லை. இது பழக்கமடைதல்: ஒரே உயிர், தன் ஆயுளுக்குள், சூழலுக்கேற்ப உடலைச் சற்றே மாற்றிக்கொள்வது. ஆட்டுக்குட்டியோ குளம்போடுதான் பிறக்கிறது. புல்தரையிலேயே வளர்த்தாலும் குளம்பு குளம்புதான். இது தகவமைப்பு: எண்ணற்ற தலைமுறைகளில் இயற்கைத் தேர்வால் உருவாகி, மரபு வழியே பிள்ளைகளுக்கு இறங்கும் அமைப்பு.

சமவெளி மனிதர் மலையேறிச் சில நாள் தங்கினால் மூச்சு வேகமாகிறது. வாரங்கள் போகப்போக இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இறங்கி வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இது காய்த்த பாதம். பனிப்புறாவிடம் இருப்பதில் பெரும்பகுதி குளம்பு.

இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான எளிய விளக்கங்கள் தடுமாறும் இடம் இதுதான். மலையில் உதவுகிற ஒவ்வொரு உறுப்பும் மலைக்காகவே உருவானது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் சொத்தைக் கணக்கெடுப்பதுபோல் யோசித்துப் பாருங்கள். பாட்டன் விட்டுச்சென்றது ஒன்று, அப்பா சேர்த்தது ஒன்று, தானே சம்பாதித்தது ஒன்று. பனிப்புறாவுக்குப் பாட்டன் சொத்து என்பது எல்லாப் பறவைகளுக்கும் பொதுவானது. அப்பா சொத்து புறாக் குடும்பத்துக்கே உரியது. சொந்தச் சம்பாத்தியம் மலைவாழ்வால் வந்தது. இதில் பாட்டன் சொத்துதான் மிகப் பெரியது.

உயரத்தில் எது குறைகிறது?

"மேலே போனால் காற்றில் ஆக்ஸிஜன் சதவீதம் குறையும்" என்பது பரவலான தவறு. கடற்கரையிலும் 5000 மீட்டர் உயரத்திலும் காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம்.

பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இருபது அடுக்குங்கள். அடியில் இருக்கும் மெத்தை மேலே உள்ள எல்லாவற்றின் எடையிலும் நசுங்கி இறுகியிருக்கும். உச்சியில் இருப்பது உப்பித் தளர்ந்திருக்கும். இரண்டும் ஒரே பஞ்சுதான். ஆனால் ஒரு கைப்பிடி கிள்ளினால் அடிமெத்தையில் அதிகப் பஞ்சு கிடைக்கும், மேல்மெத்தையில் கொஞ்சம்தான். காற்றும் அப்படித்தான். 3000 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதம். 4000 மீட்டரில் சுமார் 61. 5000 மீட்டரில் சுமார் 53. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது ஏறக்குறையப் பாதி ஆக்ஸிஜன். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளுவதும் இந்த அழுத்தம்தான். வரவு குறைந்த இடத்தில் தள்ளும் விசையும் குறைகிறது.

இதோடு ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். காற்று வறண்டிருக்கும்.

நுரையீரல்: பாட்டன் சொத்தில் பெரும்பங்கு

நம் நுரையீரல் ஒரே வாசல் உள்ள பேருந்து. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே வாசலில் நெருக்கியடிக்கிறார்கள். எவ்வளவு வெளியே விட்டாலும் உள்ளே கொஞ்சம் பழைய காற்று தங்கிவிடும். புதுக்காற்று அதோடு கலந்த பிறகுதான் இரத்தத்தைச் சேரும். பறவையின் நுரையீரல் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்கும் பேருந்து.

இதன் இயக்கம் துருத்தியை ஒத்தது. பறவையின் உடலுக்குள் காற்றுப்பைகள் இருக்கின்றன, புறாவுக்கு ஒன்பது. மெல்லிய தோலாலான இந்தப் பைகள் காற்றை உறிஞ்சித் தள்ளும் துருத்திகள் மட்டுமே. ஆக்ஸிஜன் பரிமாற்றம் இவற்றில் நடப்பதில்லை. நுரையீரல் சுருங்கி விரியாமல் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். அதற்குள் நுண்ணிய குழல்கள் வரிசையாக ஓடுகின்றன.

ஒரு மடக்குக் காற்றைப் பின்தொடர்ந்து பார்ப்போம். முதல் மூச்சை இழுக்கும்போது புதுக்காற்றின் பெரும்பகுதி நேராகப் பின்புறப் பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போது அந்தக் காற்று வெளியேறாமல் நுரையீரல் குழல்களுக்குள் தள்ளப்படுகிறது. இரண்டாவது மூச்சை இழுக்கும்போது ஆக்ஸிஜனைக் கொடுத்து முடித்த அதே காற்று முன்புறப் பைகளுக்கு நகர்கிறது. இரண்டாவது முறை விடும்போதுதான் வெளியே போகிறது. ஆக, ஒரு மடக்குக் காற்றுக்கு இரண்டு முழு மூச்சு. இதனால் இழுத்தாலும் விட்டாலும் குழல்களில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரத்தமும் அந்தக் குழலைப் பல இடங்களில் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. குழலின் தொடக்கத்தில் சந்திக்கும் இரத்தம் மிகச் செழிப்பான காற்றைப் பெறுகிறது. கடைசியில் சந்திக்கும் இரத்தம் மிச்சத்தைப் பெறுகிறது. எல்லாம் ஒன்றுசேர்ந்து உடலுக்குப் போகும்போது, அந்த இரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் பறவை வெளியே விடும் காற்றில் இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்க முடியும். நம் நுரையீரலால் இது ஆகாது. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வும் பாலூட்டிகளைவிடப் பறவைகளில் மெல்லியது.

இது மலைக்காக வந்ததல்ல என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 1968இல் வான்ஸ் டக்கர் என்ற ஆய்வாளர் சிட்டுக்குருவிகளையும் எலிகளையும் 6100 மீட்டர் உயரத்துக்கு நிகரான குறைந்த அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார். எலிகள் நகரவே திணறிப் படுத்துவிட்டன. சிட்டுக்குருவிகளோ பறந்தன. மலைக்குச் சம்பந்தமில்லாத சாதாரணச் சிட்டுக்குருவிகள் அவை.

இன்னொரு சிறு விஷயமும் இதே கணக்கில் சேரும். மெல்லிய காற்றில் வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அப்படி ஆகும்போது நமக்கு மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஆக்ஸிஜன் தேவைப்படும் நேரத்திலேயே வரத்து குறைகிறது. பறவைகள் இந்தக் குறைவை நம்மைவிட நன்றாகத் தாங்குகின்றன.

இதுவரை பார்த்தது: உயரத்தில் குறைவது ஆக்ஸிஜனின் சதவீதம் இல்லை, அழுத்தம். பறவையின் நுரையீரல் ஒருவழிப் பாதை. இந்த வசதி பனிப்புறாவுக்கும் உண்டு, மாடப்புறாவுக்கும் உண்டு, சிட்டுக்குருவிக்கும் உண்டு.

இரத்தத்தின் பிடி

நுரையீரலில் சேர்ந்த ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின், அதாவது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் இரும்பு கொண்ட புரதம். இதை ஒரு கொக்கியாக நினைத்துக்கொள்ளலாம். ஆக்ஸிஜன் அரிதான இடத்தில் கொக்கி இறுக்கமாகப் பிடித்தால்தான் நுரையீரலில் முழுச் சுமையும் ஏறும். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தால், தசைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் விட மறுக்கும். எடுக்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.

தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் பறவை இனங்கள் பலவற்றில், சமவெளியில் வாழும் உறவினங்களைவிட ஹீமோகுளோபினின் பிடி கூடுதலாக இருக்கிறது. புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில் ஓரிரண்டு மாறினாலே பிடி மாறிவிடும். இமயமலையைக் கடந்து வலசைபோகும் வரித்தலை வாத்து இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு.

"சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொண்டால் போதாதா?" என்று கேட்கலாம். கொஞ்சம் வரை உதவும். அதற்குமேல் போனால் இரத்தம் கெட்டிப்பட்டு, அதைத் தள்ளுவதே இதயத்துக்குச் சுமையாகிவிடும். கஞ்சி கெட்டியானால் குழாயில் ஓடாது என்பதுபோல. மலைக்குப் புதிதாக வருகிற உடல் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நெடுங்காலம் அங்கேயே வாழும் இனங்களில் தரம் மாறுகிறது. காய்த்த பாதத்துக்கும் குளம்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே மூலக்கூறு அளவில் தெரிகிறது.

மெல்லிய காற்றில் பறப்பது

இறக்கை காற்றைத் தள்ளித்தான் பறவையைத் தூக்குகிறது. தள்ளுவதற்குக் காற்றே குறைவாக இருந்தால்? 5000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம். தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. ஆகவே அதே எடையை அதே இறக்கையால் தாங்க, கீழே பறப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் வேகமாகக் காற்றைக் கிழிக்க வேண்டும். அதாவது, ஆக்ஸிஜன் பாதியாகக் குறைந்த இடத்தில் உழைப்பு கூடுகிறது.

அதிலும் கடினமானது தரையிலிருந்து எழும்புவது. முன்வேகம் இல்லாத அந்த முதல் வினாடிகளில் முழுச் சுமையும் மார்புத் தசைமேல். புறாக்களுக்கு மார்புத் தசை பெரியது. படபடவென்று செங்குத்தாகவே எழும்பும் ஆற்றல் புறாக் குடும்பத்துக்குப் பொதுவாக உண்டு. அப்பா சொத்தில் இது ஒன்று. இன்னொன்று, செங்குத்துப் பாறையில் தங்கும் வழக்கம். பாறை விளிம்பிலிருந்து குதித்தால் புவியீர்ப்பே வேகத்தைக் கொடுத்துவிடும். தசை செலவழிக்க வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு மிச்சம். மாடப்புறா கட்டட மாடங்களில் ஒண்டுவதற்கும் பனிப்புறா பாறை இடுக்குகளில் ஒண்டுவதற்கும் வேர் ஒன்றுதான்: இரண்டும் பாறைப்புறாக்களின் வழிவந்தவை.

குளிர்

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். புறாவின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. இறகுகளைச் சிலிர்த்து உப்பிக்கொண்டால் இடையில் அகப்படும் காற்று போர்வையாகிறது. அதுவும் போதாதபோது மார்புத் தசை நடுங்கி வெப்பம் தருகிறது; அதற்கு எரிபொருளாக இரை வேண்டும். காலுக்கு இறங்கும் சூடான இரத்தக்குழாயும் காலிலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக்குழாயும் ஒட்டி ஓடுவதால், சூடு பாதத்துக்குப் போய் வீணாகாமல் வழியிலேயே கைமாறி உடலுக்குத் திரும்புகிறது.

இரவில் எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். மேகமற்ற மலை இரவில் உடலின் வெப்பம் நேராக வானத்துக்குக் கதிர்வீச்சாகப் போய்க்கொண்டே இருக்கும். தலைக்குமேல் ஒரு பாறைக்கூரை இருந்தால் அந்த இழப்பு பெருமளவு தடைபடும். காற்றும் அடிக்காது. குகையும் இடுக்கும் இந்தப் பறவைக்குப் பாதிப் போர்வை.

முட்டையும் குஞ்சும்

முட்டை ஓடு முழுக்க நுண்துளைகள். அவற்றின் வழியேதான் ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, நீராவி வெளியே வருகிறது. அழுத்தம் குறைந்த காற்றில் வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவது குறைவதால் அவை வேகமாகப் பரவும். இதனால் ஆக்ஸிஜன் உள்ளே நுழைவது எளிதாகிறது. அதே வேகத்தில் முட்டையின் ஈரமும் பறிபோகிறது. வறண்ட காற்று அதை இன்னும் கூட்டும். ஈரம் மிஞ்சிப் போனால் கரு காய்ந்து சாகும். உயரத்தில் முட்டையிடும் பறவைகள் சிலவற்றில் ஓட்டின் துளைப்பரப்பு குறைந்திருப்பது இதற்கான ஈடு. மூச்சும் ஈரமும் ஒரே வாசலில் போய்வருவதால் அதை இஷ்டத்துக்கு அடைக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது.

பனிப்புறாக்கள் பாறை விளிம்புகளிலும் குகைகளிலும் பல இணைகள் சேர்ந்து கூடு கட்டும். பொதுவாக இரண்டு முட்டை. 17 முதல் 19 நாள் அடைகாப்பு. ஆணும் பெண்ணும் முறைவைத்து உட்காரும். உறைகுளிரில் முட்டை ஒருபொழுதும் திறந்து கிடக்கக் கூடாது என்பதால் இந்த முறைமாற்றம் உயிர்நாடி.

அடுத்து வருவதுதான் புறாக் குடும்பத்தின் மிகப் பெரிய சொத்து என்பது எங்கள் எண்ணம். பெரும்பாலான சிறு பறவைகள் குஞ்சுக்குப் புழு பூச்சி ஊட்டியே ஆக வேண்டும். பூச்சி மலிந்த குறுகிய பருவத்தைத் தவறவிட்டால் குஞ்சு பிழைக்காது. பனிக்கோட்டுக்கு, அதாவது பனி மூடிய பகுதியின் கீழ் எல்லைக்கு, அருகே அந்தப் பருவம் மிகக் குறுகியது. புறாவுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. தாயும் தந்தையும் தங்கள் தீனிப்பையின் உட்சுவரிலிருந்து புறாப்பால் சுரக்கின்றன. தீனிப்பை என்பது விழுங்கிய இரையைத் தற்காலிகமாகச் சேமிக்கும் தொண்டைப் பை. அதன் உட்சுவர்ச் செல்கள் கொழுப்பும் புரதமும் நிறைந்து உதிர்ந்து, திரிந்த பால்போன்ற கட்டியாகத் திரள்கின்றன. அதில் நீரை நீக்கிப் பார்த்தால் பாதிக்குமேல் புரதம், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு. குஞ்சு பொரித்த முதல் சில நாள்களுக்கு இதுவே முழு உணவு. பிறகு ஊறிய விதைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும். விதை கிடைத்தால் போதும், பெற்றோரே அதைக் குழந்தை உணவாக மாற்றிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு குஞ்சுகளுக்குமேல் இந்தப் பால் போதாது என்பதும் கூட்டில் இரண்டே முட்டைகள் இருப்பதும் ஒத்துப்போகின்றன.

விதை உணவுக்கு ஒரு விலை உண்டு: நீர். பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே ஈரம் கிடைக்கும். காய்ந்த விதையில் கிடைக்காது. மெல்லிய வறண்ட காற்றில் மூச்சோடும் ஈரம் போகிறது. பனி உருகும் ஓடைகளும் கசிவுகளும் பனிப்புறாவின் நாள்வழக்கில் முக்கியமான இடம் பெறுவது இதனால்தான். புறாக்கள் பெரும்பாலான பறவைகளைப்போல் வாயில் நீரை அள்ளித் தலையை அண்ணாந்து விழுங்குவதில்லை. அலகை முக்கி உறிஞ்சியே குடிக்கும். நீர்நிலையில் நிற்கும் நேரம் குறைகிறது.

இரண்டாவது தடவையாகக் கணக்குப் பார்ப்போம். நுரையீரலும் கால் இரத்தக்குழாய் அமைப்பும் பாட்டன் சொத்து. பெரிய மார்புத் தசை, பாறை வாழ்வு, புறாப்பால், உறிஞ்சிக் குடிப்பது ஆகியவை அப்பா சொத்து. இனி அதன் சொந்தச் சம்பாத்தியத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதி.

ஏறி இறங்கும் வாழ்க்கை

பனிப்புறா ஆண்டு முழுக்கப் பனிமேல் உட்கார்ந்திருப்பதில்லை. கோடையில் பனிக்கோடு மேலே நகர நகர, அதன் விளிம்பைத் தொடர்ந்து ஏறும். பனி விலகிய ஈரத்தரையில் பழைய விதைகளும் புது மொட்டுகளும் சிறு கிழங்குகளும் வெளிப்பட்டுக் கிடக்கும். குளிர்காலத்தில் தரை மூடிப்போனால் பெருங்கூட்டமாகத் திரண்டு பள்ளத்தாக்குகளுக்கு இறங்கும். 1500 மீட்டர் அளவிலும் அப்போது பார்க்கலாம். அறுவடை முடிந்த மலைவயல்களில் சிந்திய தானியம் அந்த மாதங்களில் முக்கிய இரை. இப்படி ஒரே மலையில் பருவத்துக்கேற்ப ஏறி இறங்குவதற்கு உயர வலசை என்று பெயர். பகலில்கூட, உயரத்தில் இரவைக் கழித்த கூட்டம் இரைக்காகக் கீழுள்ள வயல்களுக்கு இறங்கி மாலையில் பாறைகளுக்குத் திரும்பும். கொடுங்குளிரை முழுவதுமாகத் தாங்கும் உடலை உருவாக்குவதைவிட அதன் உச்சத்திலிருந்து விலகிப்போவது மலிவு. தகவமைப்பு என்றதும் உறுப்புகளை மட்டும் எண்ணுவது நம் வழக்கம். நடத்தையும் அதில் அடக்கம்.

மூன்று புறாக்களைப் பிரித்தறிவது

இமயமலையில் பனிப்புறா, மலைப்புறா, மாடப்புறா மூன்றும் காணக் கிடைப்பதால் பெயர்கள் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. மலைப்புறா, அதாவது கொலம்பா ருபெஸ்ட்ரிஸ், லடாக், ஸ்பிதி, திபெத் போன்ற வறண்ட உயர்நிலங்களில் சகஜம்; அங்கே ஊருக்குள்ளும் வரும்.

முதலில் கழுத்தையும் வயிற்றையும் பாருங்கள். கருந்தலைக்குக் கீழே பளிச்சென்ற வெள்ளை இருந்தால் பனிப்புறா. உடல் சாம்பல் என்றால் பறக்கும்வரை காத்திருந்து வாலைப் பாருங்கள்: குறுக்கே அகலமான வெள்ளைப் பட்டையும் நுனியில் கறுப்பும் இருந்தால் மலைப்புறா, வெள்ளைப் பட்டையே இல்லாமல் சாம்பல் வாலும் கருநுனியும் என்றால் மாடப்புறா. முதுகின் வெள்ளைத் திட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள், அது மூன்றிலுமே இருக்கலாம். வளர்ப்புப் புறாக்களின் வழிவந்த கலப்பு நிறப் பறவைகளில் வெள்ளைக் கழுத்தும் வருவதுண்டு. அப்போது கண்ணைப் பாருங்கள்: பனிப்புறாவுக்கு மஞ்சள், மாடப்புறாவுக்குச் செம்மஞ்சள். தொலைவில் கூட்டம் திரும்பும் தருணம்தான் எல்லாவற்றிலும் எளிது. பாறையின் இருட்டுக்கு முன்னால் பனிப்புறாக்களின் வெள்ளை வயிறுகள் ஒரே நேரத்தில் மின்னி மறையும்.